திரையில் 13 வந்தால் நாணயமா, குப்பையா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள், மண்ணுக்குள் உலோகம் தேடும் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 600 டிடெக்டர் புதிதாக வாங்கியிருக்கிறீர்கள். பூங்காவில் 13 என்று அசையாமல் காட்டிய இடத்தைத் தோண்டினால் ஒருமுறை ஐந்து சென்ட் நாணயமான நிக்கல், அடுத்த முறை சோடா டப்பாவைத் திறக்க இழுக்கும் வளையமான புல் டேப். 18க்கும் 22க்கும் நடுவே தாவிய இடத்தில் பாட்டில் மூடி. 35 என்று மின்னி மறைந்த இடத்தில் துருப்பிடித்த ஆணி. 'ரொம்ப ஆழம்' என்று அம்புக்குறி காட்டியது மேலாகவே கிடைத்தது. மெஷின் கோளாறா, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையா, எந்த எண்ணுக்கு எந்த உலோகம் என்று பட்டியல் இருக்கிறதா, ஊருக்குக் கொண்டுபோனால் தோட்டத்தில் இதை வைத்துத் தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மெஷினில் கோளாறு எதுவும் இல்லை, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் அது நடந்துகொள்ள வேண்டிய விதத்தில்தான் நடந்திருக்கிறது. பட்டியல் தருவதும் சுலபம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை. அதற்கு முதலில் அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிய வேண்டும். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், அமெரிக்கக் கிழக்குக் கரையின் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் வருடக்கணக்காக டிடெக்டரோடு அலைபவன். அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

டிடெக்டரின் அடியில், தரையை ஒட்டி வீசும் தட்டுதான் காயில். அதற்குள் கம்பிச் சுற்று இரண்டு இருக்கிறது. ஒன்று, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது ஒரு உலோகத்தின் மேல் பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அந்த ஓட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும், அதை இரண்டாவது சுற்று பிடித்துக்கொள்கிறது. திரும்பி வரும் அலை, அனுப்பிய அலையைவிடக் கொஞ்சம் பின்தங்கி வரும். எவ்வளவு பின்தங்குகிறது என்பதுதான் திரையில் டார்கெட் ஐடியாக, அதாவது அந்த எண்ணாக மாறுகிறது. வெண்கல மணியை ஒரு தட்டுத் தட்டினால் ரீங்காரம் நெடுநேரம் நிற்கும், தகரத்தைத் தட்டினால் அப்போதே அடங்கிவிடும். சுழல் மின்னோட்டமும் அப்படித்தான், சில பொருள்களில் நின்று சுற்றும், சிலவற்றில் சட்டென்று சாகும். நின்று சுற்றினால் எண் பெரிது, சீக்கிரம் செத்தால் எண் சிறிது. இரும்பு காந்தத்துக்கு ஆட்படுகிற உலோகம் என்பதால் அதன் பதில் வேறு மாதிரி வரும், ஈக்வினாக்ஸ் அதை -9 முதல் 0 வரையிலான இடத்தில் தள்ளிவைக்கிறது. மற்ற உலோகங்களுக்கு 1 முதல் 40 வரை.

ஓட்டம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது உலோகத்தின் கடத்துதிறனை மட்டும் பொறுத்ததில்லை. அந்தப் பொருளின் அகலம், கனம், வடிவம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. சூயிங்கம் சுற்றிவரும் அலுமினியத் தாளும் அலுமினியம்தான், சோடா டப்பாவும் அலுமினியம்தான். முன்னது எண் வரிசையின் அடியில் முனகும், பின்னது வெள்ளி நாணயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இங்கிலாந்து வயல்களில் கிடைக்கும் இடைக்கால வெள்ளிக் காசுகள் நல்ல வெள்ளிதான், ஆனால் தாள் மாதிரி மெல்லியவை. அவற்றை நாலாக வெட்டிப் புழங்கிய துண்டுகள் அந்த அலுமினியத் தாளின் எண்ணில் கேட்கும். ஆகவே 'எந்த எண்ணுக்கு எந்த உலோகம்' என்ற பட்டியல் இருக்கவே முடியாது. 'எந்த எண்ணுக்கு எந்த நாணயம்' என்ற பட்டியல் மட்டும் இருக்க முடியும், ஏனென்றால் நாணயத்துக்கு அளவும் கனமும் கலவையும் நிலையானவை. உங்கள் மெஷினில் நிக்கல் 12 அல்லது 13இல் வரும். 1982க்குப் பிந்தைய ஒரு சென்ட் துத்தநாகப் பென்னி 20ஐ ஒட்டி வரும், மண்ணில் அரிக்க அரிக்க இன்னும் கீழே இறங்கும். பழைய செம்புப் பென்னியும் பத்து சென்ட் டைமும் 24 முதல் 27க்குள். இருபத்தைந்து சென்ட் குவார்ட்டர் 30ஐ ஒட்டி, 1964 வரை வந்த வெள்ளிக் குவார்ட்டர் என்றால் அதற்கும் கொஞ்சம் மேலே. துத்தநாகப் பென்னிதானே என்று 20ஐ விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 1909 வரை அடித்த இந்தியன் ஹெட் பென்னிகள் பல அதே இடத்தில்தான் கேட்கும் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் 13. நிக்கல் நாணயத்தில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். பெயருக்குச் செம்பு அதிகம் என்றாலும் இந்தக் கலவை மின்சாரத்தை மோசமாகத்தான் கடத்தும், அதனால்தான் எண் வரிசையில் இவ்வளவு கீழே இருக்கிறது. துரதிர்ஷ்டவசமாகப் புல் டேப்பும் அங்கேதான் வந்து உட்கார்கிறது. டப்பாவிலிருந்து பிய்த்துத் தூக்கி எறியும் வளையம் 1960களில் வந்தது. டப்பாவோடு ஒட்டியே இருக்கும் இன்றைய வகை 1975இல்தான் வந்தது. நடுவில் இருந்த வருடங்களில் அமெரிக்கர்கள் பிய்த்துப் போட்டதெல்லாம் இன்னும் புல்லுக்கு அடியில் கிடக்கிறது. வளையம் முழுசாக இருந்தால் ஒரு எண், நாக்கு மடங்கியிருந்தால் இன்னொன்று, உடைந்திருந்தால் வேறொன்று. 11 முதல் 16 வரை எங்கும் வரும். தங்க மோதிரமும் இந்தச் சந்தையில்தான் கடை போட்டிருக்கிறது. மெல்லிய பெண்கள் மோதிரம் ஒற்றை இலக்கத்திலேயே வரலாம், கனத்த ஆண்கள் மோதிரம் 20ஐத் தொடலாம். 14 காரட் தங்கத்தில் கலப்படம் அதிகம், கடத்துதிறன் குறைவு. நம்மவர்கள் போடும் 22 காரட் மோதிரம் அதே அளவில் இருந்தால் இன்னும் மேலே காட்டும்.

இந்த இடத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நிக்கலையும் புல் டேப்பையும் தங்க மோதிரத்தையும் திரையை மட்டும் வைத்துப் பிரிக்கும் டிடெக்டர் இன்றைக்குக் கடையில் இல்லை, ஆயிரம் டாலர் அதிகம் கொடுத்தாலும் இல்லை. பிரிக்கிறேன் என்று வீடியோவில் பேசுகிறவரிடம் தோண்டிப்போட்ட குப்பைப் பையையும் காட்டச் சொல்லுங்கள். இதற்கு மேல் நான் சொல்வது சாய்வு மட்டுமே, உத்தரவாதம் கிடையாது. தட்டையாகக் கிடக்கும் நிக்கல் எந்தப் பக்கமிருந்து காயிலை வீசினாலும் 12–13ஐ விட்டு நகராது, சத்தமும் உருண்டையாக, இரண்டு ஓரமும் சுத்தமாக முடியும். டேப் 13, 15, 14 என்று கொஞ்சம் ஆடும், சத்தத்தின் ஓரத்தில் ஒரு பிசிறு இருக்கும். ஆனால் அசையாத டேப்பும் உண்டு, ஆடும் மோதிரமும் உண்டு. அதனால் இந்த எண்களில் முடிவு செய்ய வேண்டியது எண்ணை வைத்து அல்ல, இடத்தை வைத்து. பிக்னிக் மேசை ஓரம் என்றால் நான் கொஞ்சம் தேர்ந்தெடுத்துத்தான் தோண்டுவேன். வாலிபால் மைதானம், நீச்சல் துறை, குழந்தைகள் ஊஞ்சலடி என்றால் 5க்கு மேல் எது அழுத்தமாக வந்தாலும் தோண்டுவேன், எத்தனை டேப் வந்தாலும் சரி.

தங்கம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: கடற்கரையில் சங்கிலி தொலைந்துவிட்டது, டிடெக்டர் கண்டுபிடிக்குமா? மெல்லிய சங்கிலி டிடெக்டருக்கு மிகக் கஷ்டமான பொருள். அத்தனை கிராம் தங்கத்தையும் ஒரே கட்டியாக அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனிச் சின்ன வளையமாகப் பார்க்கிறது, கண்ணிக்குக் கண்ணி மின்னோட்டம் சரியாகப் பாய்வதில்லை. பெரும்பாலும் கொக்கியோ சங்கிலியில் தொங்கும் டாலரோதான் சத்தம் கொடுக்கும், அதுவும் 1, 2, 3 என்ற எண்ணில். கடல் நீர் ஊறிய மணலும் மின்சாரத்தைக் கடத்துவதால் அதே அடிமட்டத்தில் கலகலத்துக்கொண்டிருக்கும். பீச் மோடில் மெதுவாக, ஒன்றன்மேல் ஒன்றாக வீசித் தேடினால் வாய்ப்பு உண்டு. தாலிக்கொடி மாதிரிக் கனமானது என்றால் நம்பிக்கை இன்னும் கூடுதல்.

எண் தாவுவதற்கு வருவோம். மேலாக, தனியாக, தட்டையாக, சாதுவான மண்ணில் கிடக்கும் நாணயத்துக்கு எண் நிலையாக நிற்கும். இந்த நான்கில் ஒன்று கெட்டால் எண் ஆடத் தொடங்கும். நாணயம் செங்குத்தாக நின்றால் ஒரு திசையில் ஒரு எண், மறு திசையில் இன்னொன்று. பக்கத்தில் இரண்டு பொருள் இருந்தால் மெஷின் இரண்டையும் கலந்து, இரண்டுக்குமே பொருந்தாத எண்ணைச் சொல்லும். பைசா சிதறிய இடத்தில் இது அடிக்கடி நடக்கும். ஆழம் கூடக்கூட நாணயத்தின் குரல் தேய்ந்து மண்ணின் குரல் ஓங்கும், இரும்புத்தாது கலந்த மண் என்றால் நல்ல எண்ணைக்கூட இரும்புப் பக்கம் இழுத்துவிடும். அதனால்தான் ஆழத்தில் ஒரு திசையில் மட்டும் 25 என்று வந்து, மறு வீச்சில் 21 என்று நழுவும் மெல்லிய சத்தத்தை விட்டுவிடாதீர்கள் என்பேன். மேல்மட்டத்தில் அதே ஆட்டம் ஆடினால் பெரும்பாலும் குப்பை.

பாட்டில் மூடி இதில் தனிக் கதை. அது எஃகு, நியாயப்படி எதிர்மறை எண்ணில் வர வேண்டும். ஆனால் வட்டமாக, தட்டையாக, தகடாக இருப்பதால் சுழல் மின்னோட்டம் அதில் நன்றாகவே ஓடுகிறது, மெஷின் குழம்பி 15 முதல் 22 வரை எதையாவது சொல்கிறது. இதைத் திரையில் பிடிப்பதைவிடக் காயில் நகர்த்தும் விதத்தில் பிடிப்பது சுலபம். சத்தம் வரும் புள்ளியின் மேல் காயிலின் நடுவை வைத்து, விரற்கடை அகலத்துக்குக் குட்டிக்குட்டியாக ஆட்டுங்கள். ஆட்டத்தை நிறுத்தாமல் காயிலை உங்கள் காலை நோக்கி மெல்லப் பின்னுக்கு இழுங்கள். புள்ளி காயிலின் மூக்கு நுனிக்கு வந்து, நுனியையும் தாண்டும் அந்தக் கடைசி அங்குலத்தில் காதையும் திரையையும் கவனியுங்கள். நாணயமாக இருந்தால் அதே எண் கொஞ்சம் மங்கி அப்படியே அணைந்துவிடும். மூடியாக இருந்தால் 19, 16, 8 என்று சரிந்து, கடைசியில் இரும்பின் கட்டைக்குரல் ஒன்று உறுமிவிட்டுப் போகும். இதைச் செய்யும்போது குதிரைலாடப் படம் போட்ட பட்டனை அழுத்தி எல்லா உலோகத்தையும் கேட்கும் நிலைக்கு வந்துவிடுங்கள். வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷன் போட்டிருந்தால் அந்த உறுமலை மெஷின் உங்களுக்குச் சொல்லாமல் விழுங்கிவிடும்.

உங்கள் 35ஐயும் இதே முறையில்தான் தீர்க்க வேண்டும். வளைந்த ஆணி, துருவேறிய பெரிய இரும்பு இரண்டும் எண் வரிசையின் உச்சியில் பொய்யாக எட்டிப்பார்க்கும். நின்ற இடத்திலிருந்து ஒரு கால்வட்டம் சுற்றிவந்து, முதல் வீச்சுக்குக் குறுக்கே வீசிப் பாருங்கள். நாணயத்துக்கு எந்தப் பக்கமும் ஒரே முகம். ஆணியோ நீளவாக்கில் ஒரு மாதிரியும் குறுக்குவாக்கில் ஒரு மாதிரியும் பேசும், உயர்ந்த சத்தம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் காணாமல் போய்விடும். அப்புறம் பின்பாயிண்ட் பட்டனை அழுத்திப் பொருள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 35 வந்த புள்ளியும் பின்பாயிண்ட் காட்டும் புள்ளியும் சில அங்குலம் விலகியிருந்தால் ஆணியின் நுனியில் கிளம்பிய போலிச் சத்தம் அது. சந்தேகமான சத்தத்தை இரும்பு என்றே எடுத்துக்கொள்ளச் செய்யும் அயர்ன் பயஸ் அமைப்பை ஏற்றினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் ஆணியை ஒட்டிக் கிடக்கும் நல்ல நாணயத்தையும் மெஷின் சேர்த்தே இரும்புக் கணக்கில் எழுதிவிடும். பழைய வீட்டுமனை மாதிரி ஆணி நிறைந்த இடத்தில் நான் அதைக் குறைவாகவே வைப்பேன், பொய்ச் சத்தத்தைக் காதால் வடிகட்டிக்கொள்வேன்.

ஆழம் காட்டும் அம்புக்குறியை எண்ணைவிடக் குறைவாக நம்புங்கள். திரும்பி வரும் சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, கீழே இருப்பது நாணயம் அளவுள்ள பொருள் என்று மெஷின் ஊகித்துக்கொண்டுதான் ஆழத்தைச் சொல்கிறது. நகக்கண் அளவு அலுமினியத் துணுக்கு இரண்டு அங்குலத்தில் கிடந்தாலும் பலவீனமாகத்தான் பேசும், உடனே 'ஆழம்' என்று காட்டும். ஒரு அடிக்குக் கீழே புதைந்த டப்பா சத்தமாகப் பேசி 'மேலே இருக்கிறது' என்று ஏமாற்றும். அதனால் அம்புக்குறியைப் பின்பாயிண்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். காயிலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திய பிறகும் சத்தம் குறையவில்லை என்றால் பெரிய பொருள். பின்பாயிண்டில் சத்தம் வரும் பரப்பு உள்ளங்கையைவிட அகலமாக இருந்தாலும் அதேதான்.

இதெல்லாம் செல்லுபடியாக மெஷின் முதலில் அமைதியாக இருக்க வேண்டும். மின்கம்பிக்குக் கீழே நின்றால், காயில் அசையாமல் இருக்கும்போதே எண்கள் ஓடும். சட்டைப்பையில் இருக்கும் மொபைல்கூடத் தொல்லை தரும். அப்போது இந்த மின் இரைச்சலைத் தவிர்க்கும் நாய்ஸ் கேன்சலை ஓட்டுங்கள், அதற்கும் அடங்கவில்லை என்றால் மெஷினின் உணர்திறனை, அதாவது சென்சிடிவிட்டியை, 20இலிருந்து இறக்குங்கள். 25இல் வைத்துக்கொண்டு பேய்ச் சத்தங்களைத் துரத்துகிறவரைவிட 16இல் அமைதியாகக் கேட்கிறவர் அதிகம் எடுப்பார் என்பது என் அபிப்பிராயம், மறுப்பவர்களும் உண்டு. புதிய இடத்துக்குப் போனதும், கீழே உலோகம் இல்லாத தரையில் கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது அந்த மண்ணின் குரலைக் கண்டுகொள்ளாமல் இருக்க மெஷினைப் பழக்குங்கள்.

பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட வேகமான வழி, ஒரு மாலை நேரம் வீட்டுப் பின்புறத்தில் செலவழிப்பது. வீட்டுக்குள் வேண்டாம், தரைக்குள் கம்பியும் சுவருக்குள் ஒயரும் இருக்கிறது. புல்லின் மேல் ஒரு நிக்கல், ஒரு முழு டேப், ஒரு மடங்கிய டேப், ஒரு பாட்டில் மூடி, ஒரு வளைந்த ஆணி, உங்கள் மோதிரம் எல்லாவற்றையும் ஒரு முழ இடைவெளியில் வையுங்கள். முதலில் திரையைப் பார்த்து வீசுங்கள். அப்புறம் திரையைத் துணியால் மூடிவிட்டுக் காதால் மட்டும் சொல்லிப் பாருங்கள். அடுத்து, நிக்கலுக்குப் பக்கத்தில் ஆணியை இன்ச் இன்ச்சாக நகர்த்தி வைத்து, எந்த இடத்தில் நிக்கல் காணாமல் போகிறது என்று பாருங்கள். பூங்காவில் எத்தனை நல்ல நாணயங்கள் இரும்புக்குள் ஒளிந்திருக்கின்றன என்பது அப்போது புரியும்.

கடைசியாக, ஊர் விஷயம். மேலே சொன்ன எண்கள் அமெரிக்க நாணயங்களுக்கானவை, நம் ஊரில் உதவாது. இப்போதைய ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் எஃகு, அதை இரும்பு என்று ஒதுக்கிவிட மெஷினுக்கு எல்லா நியாயமும் உண்டு. செம்மண்ணில் இரும்புத்தாது அதிகம், அங்கே ஆழமும் எண்ணும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த மண்ணிலேயே தேடிப் பழகியவரிடம் கேளுங்கள், என் அனுபவம் இந்தக் கரை மணலோடு நின்றுவிடுகிறது. அதைவிட முக்கியம் சட்டம். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் என்றால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும், சொந்தத் தோட்டம் என்பதால் விலக்குக் கிடையாது. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் அனுமதியில்லாமல் மண்ணையே தொடக்கூடாது. நீங்கள் இருக்கும் நாட்டிலும் தேசியப் பூங்காக்களுக்குள் டிடெக்டரோடு நடப்பதே குற்றம், கூட்டரசு நிலத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருள்களை எடுப்பதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உள்ளூர்ப் பூங்காக்களுக்கு ஊருக்கு ஊர் விதி வேறு. உங்கள் டவுன்ஷிப் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு, அனுமதிச் சீட்டு தேவை என்றால் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் போங்கள்.